தீ, கொ, ச: முதலெழுத்தை உட்கார வைக்கும் கணக்கு

சங்ககிரியைப் பற்றி யார் எதை எழுத உட்கார்ந்தாலும் முதல் சொல்லாக வரக்கூடியவை மூன்று. ஊரின் பெயரான சங்ககிரி. அந்த ஊர் இருக்கும் வட்டாரமான கொங்கு. மலைக்கோட்டையில் 1805-ல் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட தீரன் சின்னமலையின் தீரன். ஆடிப்பெருக்கு நெருங்கும்போது அடிக்கப்படும் நினைவுநாள் நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ், பள்ளி ஆண்டுமலர், லாரித் தொழில் சார்ந்த விழா மலர் என்று எதை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்று முதல் வரியில் தலைகாட்டும். டிடிபி சென்டரில் பக்கம் போடுகிறவர் அதன் முதல் எழுத்தை மட்டும் மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்கி, பாராவின் இடது மேல்மூலையில் இறக்கி வைப்பார். டிராப் கேப் என்பார்கள்.

கணினியில் அது ஒரே சொடுக்கு. ஆனால் அதே சொடுக்கை மூன்று சொற்களுக்கும் போட்டு, மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமாக நிற்கும். ‘ச’ கொஞ்சம் தாழ்ந்து உட்காரும். ‘கொ’ பத்தியின் பாதி அகலத்தை விழுங்கும், சில கணினிகளில் உடைந்தே போகும். ‘தீ’யின் வால் நான்காவது வரியின் தலையில் ஏறும். கீழ்வரியில் இடிக்கும் வாலைப் பார்த்துவிட்டு, ‘தமிழுக்கு இது சரிப்படாது’ என்று டிராப் கேப்பையே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த முடிவு எனக்கு ஏற்பில்லை. மென்பொருள் எந்த எழுத்தை அளந்து இந்தக் கணக்கைப் போடுகிறது என்று பார்த்துவிட்டால், மூன்றையும் அழகாக உட்கார வைக்க முடியும்.

பெரிய முதலெழுத்து அச்சுக்கு முந்தியது. ஐரோப்பிய மடங்களில் பதப்படுத்திய தோலில் நூல்களை எழுதியவர்கள், ஒரு பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்ட அதன் முதல் எழுத்தை வண்ணத்தில் பெரிதாக வரைந்தார்கள். கி.பி. 800-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘கெல்ஸ் நூல்’ என்ற விவிலியப் பிரதியில் ஒரு பக்கம் முழுவதையும் சில எழுத்துகளே நிறைத்திருக்கும். 1455 வாக்கில் குட்டன்பர்க் தம் விவிலியத்தை அச்சிட்டு முடித்தபோதும் முதலெழுத்துகளை அச்சிடவில்லை. அவற்றுக்கான இடத்தை வெறுமையாக விட்டார். வாங்கியவர்கள் ஓவியரைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள். ஓவியருக்குக் குழப்பம் வராதிருக்க, அந்தக் காலத்து நூல்கள் பலவற்றில் வெற்றிடத்துக்குள் அதே எழுத்தைச் சிறிதாக அடையாளம் போட்டு வைக்கும் வழக்கம் வந்தது. ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாமலோ நேரமில்லாமலோ போன பிரதிகளில், வெறும் கட்டத்தின் நடுவில் அந்தச் சிறு எழுத்து இன்றும் தனியாக நிற்கிறது.

கையால் வரைவதைப் பொறியால் செய்து காட்டிய பெருமை, 1457-ல் மைன்ஸ் நகரில் ஃபுஸ்ட், ஷோஃபர் இருவரும் வெளியிட்ட விவிலியச் சங்கீதப் புத்தகத்துக்கு உரியது. அதன் முதலெழுத்துகள் சிவப்பு, நீலம் என்று இரு வண்ணத்தில் அச்சாயின. எழுத்தும் அதைச் சுற்றிய கொடி வேலைப்பாடும் தனித்தனி உலோகத் துண்டுகள். ஒவ்வொன்றையும் கழற்றி, தனியே மை தடவி, மீண்டும் பொருத்தி ஒரே அழுத்தலில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். கால் நூற்றாண்டு கழித்து, வெனிஸில் எர்ஹார்ட் ராட்டோல்ட் 1482-ல் யூக்ளிடின் வடிவியல் நூலை அச்சிட்டபோது, கறுப்புக் கட்டத்தில் வெள்ளைக் கொடிகள் படர்ந்த மரக்கட்டை எழுத்துகள் ஒவ்வொரு பகுதிக்கும் வாசலாக நின்றன. வண்ணம் பூச ஓவியர் இனித் தேவைப்படவில்லை.

நம் பக்கம் கதை வேறு. பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதியவருக்குப் பெரிய எழுத்து என்ற வாய்ப்பே இல்லை. ஓலையின் அகலம் சில விரற்கடை. அதற்குள் எத்தனை வரி அடங்குமோ அத்தனை. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. மெய்க்குப் புள்ளி வைப்பதும் அரிது. தொடக்கத்தைக் காட்டத் தமிழர் கண்ட வழி, எழுதத் தொடங்குமுன் மேலே ‘உ’ என்று பிள்ளையார் சுழி போடுவது. இந்த அடையாளம் வரிகளுக்கு வெளியே, உச்சியில் நிற்கும். ஐரோப்பிய முதலெழுத்தோ வரிகளுக்குள்ளே இறங்கும். இந்த வேறுபாடு கல்யாணப் பத்திரிகை போடுகிறவருக்கு இன்றும் வேலையில் எதிர்ப்படுகிறது. உச்சியில் நடுவாக ஒரு ‘உ’, கீழே இடது ஓரத்தில் நான்கு வரி உயர முதலெழுத்து என்று இரண்டும் பெரிதாக இருந்தால் கண் எங்கே போவதென்று தடுமாறும். சுழி இருக்கும் பக்கத்தில் முதலெழுத்தை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தமிழ் அச்சு 1578-ல் கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்திலிருந்து கணக்கிடப்படுகிறது. தரங்கம்பாடியில் மறைப்பணியாளர் சீகன்பால்குவின் அச்சகம் 1713 வாக்கில் தமிழில் அச்சிடத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன. காகிதம் கப்பலில் வரவேண்டிய காலம். அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தமிழ் எழுத்து இடம் கேட்கும் எழுத்து என்பதை தரங்கம்பாடி அச்சகம் தன் முதல் ஆண்டுகளிலேயே கண்டுகொண்டது. முதலெழுத்தைப் பெரிதாக்கும்போதும் அதே சிக்கல்தான் பன்மடங்காக வருகிறது.

இனி உயரக் கணக்கு. டிராப் கேப்புக்கு இரண்டு கட்டளைகள். எழுத்தின் அடி, அது இறங்கும் கடைசி வரியின் பேஸ்லைனில், அதாவது எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டில், உட்கார வேண்டும். அதன் தலை, முதல் வரி எழுத்துகளின் தலைக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டில் எது பிசகினாலும், அச்சுத் தொழில் தெரியாத வாசகரின் கண்ணுக்கும் ஏதோ உறுத்தும். மூன்று வரி இறக்கம் என்றால் தேவையான உயரம், இரண்டு வரி இடைவெளியோடு ஒரு சிறு எழுத்தின் உயரத்தைக் கூட்டியது.

எடுத்துக்காட்டாக, உடல் எழுத்து 12 பாயின்ட், வரிக்கு வரி லீடிங் 18 பாயின்ட் என்று வையுங்கள். அந்த எழுத்துருவில் ‘ப’வின் உயரம் 6 பாயின்ட், அதாவது எழுத்துரு அளவில் பாதி. மூன்று வரிக்குத் தேவை 18-ஐ இருமுறை கூட்டி, அதோடு 6. ஆக 42 பாயின்ட் உயரம். ‘ப’ தன் அளவில் பாதிதான் என்பதால் 42 உயரம் கிடைக்க 84 பாயின்ட் அளவு போட வேண்டும்.

மென்பொருள் என்ன செய்கிறது? ஓப்பன்டைப் எழுத்துருக்களுக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்து எவ்வளவு உயரம் என்று குறித்துவைக்க ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் ‘எச்’ எழுத்தின் தலை வரை அளந்த உயரம் அது. பொதுவாக அது எழுத்துரு அளவில் பத்தில் ஏழு பங்கை ஒட்டி, அதாவது 0.7 அளவில் இருக்கும். தமிழ் எழுத்துருவிலும் அந்த எண்ணை வைத்தே கணக்குப் போட்டால், 12 பாயின்டுக்கு 8.4, அதோடு 36, மொத்தம் 44.4. இதை 0.7-ஆல் வகுத்தால் முதலெழுத்தின் அளவு ஏறக்குறைய 63 பாயின்ட். அந்த அளவில் ‘ப’வின் உயரம் 32-ஐத் தொடாது. தேவையோ 42. அடி சரியாக மூன்றாம் வரியில் உட்கார்ந்திருக்கும். தலை மட்டும் முதல் வரிக்குப் பத்து பாயின்ட், அதாவது மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல், கீழே தொங்கும். சங்ககிரியின் ‘ச’ தாழ்ந்து உட்காரும் காரணம் இதுதான். மென்பொருள் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பந்தல் போடுகிறது. அதற்குள் வந்து நிற்பதோ பெரியது சிறியது என்ற பிரிவே இல்லாத தமிழெழுத்து.

தீர்வு எளிது. டிராப் கேப்பைப் போட்டபின், அந்த ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்து, அதன் அளவைத் தலை நேராகும் வரை கூட்ட வேண்டும். ‘ப’, ‘ச’, ‘ம’ போலத் தட்டையான தலையுள்ள எழுத்து ஒன்றை வைத்து ஒருமுறை அளந்து, அந்தச் சதவீதத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் அதே எழுத்துருவுக்கு எப்போதும் பயன்படும். வளைந்த எழுத்துகளில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘எ’, ‘ஒ’ போல வளைவாக முடியும் எழுத்து, கோட்டைச் சரியாகத் தொட்டு நின்றால் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். வளைவு கோட்டைத் தொடுவது ஓரிடத்தில் மட்டும்; தட்டை எழுத்து தொடுவது நீளமாக. ஆகவே எழுத்துரு வடிவமைப்பாளர்கள் வளைவைக் கோட்டுக்குச் சற்று வெளியே தள்ளி வரைவார்கள். 12 பாயின்டில் அது தெரியாது. 84 பாயின்டில் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து எழுத்தைக் குறைக்கக் கூடாது. அந்த மீறல் இருந்தால்தான் சமமாகத் தெரியும். இடது ஓரத்துக்கும் இது பொருந்தும். வளைந்த எழுத்தை விளிம்புக்கு ஒரு மயிரிழை வெளியே இழுத்தால்தான் கீழ்வரிகளோடு ஒரே நேரில் நிற்பதாகத் தோன்றும். பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைனில் இடது விளிம்பைச் சீராக்கும் தேர்வு டிராப் கேப் பெட்டியிலேயே இருக்கிறது.

‘தீ’ இவற்றையெல்லாம்விடக் கடினம். ‘த’வின் வால் பேஸ்லைனுக்குக் கீழே இறங்குகிறது; ஈகாரச் சுழி தலைக்கு மேலே ஏறுகிறது. மேலும் கீழும் ஒருசேர வெளியே நீளும் எழுத்து இது. வால் எழுத்துரு அளவில் ஐந்தில் ஒரு பங்கு இறங்குவதாக வைத்தால், 84 பாயின்டில் அது ஏறக்குறைய 17 பாயின்ட். லீடிங் 18. அதாவது வால் நான்காவது வரியின் பேஸ்லைன் வரைக்கும் போய், அந்த வரியின் முதல் எழுத்தைக் குறுக்கே வெட்டும்.

இதற்குத் தொழிலில் பழகிய ஒரு வழி, எழுத்து முழுவதையும், வால் சுழி எல்லாம் சேர்த்து, மூன்று வரிக்குள் அடங்கும்படி சுருக்குவது. இன்டிசைனில் வாலுக்கேற்ப அளவைச் சரிசெய்யும் தேர்வுகூட உண்டு. தமிழுக்கு இது நல்ல வழியென்று நான் நினைக்கவில்லை. ‘தீ’யின் உடல் அதில் சுண்டிப்போகும். ஒரே மலரில் ஒரு கட்டுரை ‘ச’வில் தொடங்கி, அடுத்தது ‘தீ’யில் தொடங்கினால், இரண்டு முதலெழுத்தும் வெவ்வேறு அளவில் நிற்கும்; கோட்டின் தடிமனும் மாறிவிடும்.

இதற்கான விடை சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரிகளின் முகப்பிலேயே இருக்கிறது. பெயர் எழுதும் பெயின்டர் முதலில் சாக்பீஸால் இரண்டு கோடுகள் போடுகிறார். அந்த இரண்டு கோட்டுக்குள் எழுத்தின் உடல் மட்டும் அடங்கும். ‘கி’யின் கொக்கியும் ‘ரு’வின் சுழியும் ‘த’வின் வாலும் கோடுகளைத் தாண்டிப் போகும். தாண்டிப் போவதற்கென்றே மேலும் கீழும் இடம் விட்டிருப்பார். உடல் உயரம் எல்லா எழுத்துக்கும் ஒன்றாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தாலும் பெயர் ஒரே சீராக நிற்கும். டிராப் கேப்புக்கும் இதுவே முறை. உடலை மூன்று வரிக்குப் பொருத்துங்கள். சுழிக்கு மேலே பாரா இடைவெளியைக் கூட்டுங்கள். வாலுக்குக் கீழே ஒரு வரியை ஒதுங்க வையுங்கள்.

நான்காவது வரியை எப்படி ஒதுக்குவது? டிராப் கேப்பை நான்கு வரியாகப் போட்டு, எழுத்தின் அளவை மூன்று வரிக்கு உரியதாகக் குறைத்து, பேஸ்லைன் ஷிஃப்டில் 18 பாயின்ட் மேலே தூக்கினால் போதும். நான்கு வரிகளும் உள்தள்ளி நிற்கும்; எழுத்து மூன்றாம் வரியில் உட்காரும்; வால் நான்காம் வரிக்குப் பக்கத்து வெள்ளையில் தாராளமாக இறங்கும். ‘நீ’, ‘கு’, ‘து’, ‘நூ’, ‘ஞா’ எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். ஈய எழுத்துக் காலத்தில் இதற்கு ரம்பம் வேண்டியிருந்தது. உலோகத் துண்டில் எழுத்து முகத்தைச் சுற்றிலும் உடல் இருக்கும். வாலுக்கு விட்ட இடம் வால் இல்லாத எழுத்திலும் இருக்கும். சிறு எழுத்து வரியை அருகில் கொண்டுவர, அந்த உடலின் மூலையை அறுத்து எடுப்பார்கள். பெரிய எழுத்தும் 36, 48, 72 என்று வார்த்த அளவில்தான் கிடைக்கும். வரிகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், அச்சுக்கோப்பவர் ஈயத் தகடுகளைச் செருகிச் செருகி ஈடுகட்ட வேண்டும்.

இப்போது ‘கொ’. இங்கே சிக்கல் உயரத்தில் இல்லை. ஓர் எழுத்து என்றால் எவ்வளவு என்பதில் இருக்கிறது. இன்டிசைன் போன்ற மென்பொருளின் டிராப் கேப் பெட்டி இரண்டு எண்களைக் கேட்கும்: எத்தனை வரி, எத்தனை எழுத்து. தமிழ் படித்த குழந்தைக்குக் ‘கொ’ ஓர் எழுத்து. தமிழ் இலக்கணத்துக்கும் ஓர் எழுத்து. கணினிக்கு அது எந்தக் காலத்துக் கணினி என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு டிடிபி சென்டர்கள் பழகியது பேஜ்மேக்கரில். 1985-ல் ஆல்டஸ் நிறுவனம் அதை வெளியிட்டபோதுதான் டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற தொழிலே பிறந்தது. அதில் பயன்பட்ட தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்த் துண்டுகளை வைத்திருந்தன. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று தரப்படுத்திய குறியீடுகளிலும் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகள். ‘கொ’ என்று தெரிய, முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து ‘க’, அடுத்துக் கால் என்று மூன்று துண்டுகள் வரிசையில் நிற்க வேண்டும். எழுத்து எண்ணிக்கை ஒன்று என்று போட்டால், ஒற்றைக் கொம்பு மட்டும் மூன்று வரிக்கு வளர்ந்து நிற்கும். ‘க’வும் காலும் சிறிதாக வரிக்குள் கிடக்கும். எண்ணிக்கை கேட்கும் மென்பொருளில், பழகியவர்கள் அதை மூன்று என்று மாற்றிவிடுவார்கள். பேஜ்மேக்கரின் டிராப் கேப் வசதி இன்னொரு தொல்லையும் தந்தது. அது வரிகளின் நடுவே டேப்பும் கட்டாய வரிமுறிவும் போட்டு எழுத்துக்கு இடம் உண்டாக்கும். பின்னால் புரூஃபில் ஒரு சொல் மாறினால் போதும்; எல்லா வரியும் கலைந்துவிடும். டிராப் கேப்பை நீக்கி, திருத்தி, மறுபடி போட வேண்டும்.

யூனிகோடில் வரிசை வேறு. அங்கே ‘கொ’ என்பது முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. மொத்தம் இரண்டு குறியீடுகள். அதையே ‘க’, எகரக் குறி, கால் என்று மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி. குறியீடுகளை மட்டும் எண்ணும் மென்பொருளில் ஒன்று என்று போட்டால் ‘க’ தனியாகப் பெரிதாகும்; ஒகரக் குறி தாங்க ஆளில்லாமல் புள்ளி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும். உயிர்மெய்யைப் பிரிக்காமல் ஒரே கொத்தாகப் பார்க்க வேண்டும் என்பதை யூனிகோட் எழுத்துக் கொத்து விதி சொல்கிறது. அதைப் பின்பற்றும் மென்பொருளில் ‘கொ’ உடையாது. இன்டிசைனில் தமிழ் முதலிய இந்திய எழுத்துகளை முறையாகக் கோக்கும் வசதி 2012-ல் வந்த சிஎஸ் 6 பதிப்பில் கிடைத்தது. அதற்குப் பிந்திய பதிப்பு கையில் இருந்தும், எழுத்துக் கோக்கும் முறையைப் பழைய ஆங்கில முறையிலேயே விட்டுவைத்துவிட்டு, யூனிகோட் தமிழே உடைகிறது என்று குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தேர்வை மாற்றிப் பாருங்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 குறியீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு. எழுத்து எண்ணிக்கை ஒன்று என்றால் அது தமிழ் இலக்கணம் சொல்லும் ஒன்றுதான்.

கொத்து விதியிலும் ஓரிடத்தில் ஓட்டை உண்டு. ‘ஸ்ரீ’ என்பது பார்வைக்கு ஒரே உரு. யூனிகோடில் அது நான்கு குறியீடுகள். கொத்து விதிப்படி மெய் ஒன்று, உயிர்மெய் ஒன்று என்று இரண்டாகப் பிரியும். கோயில் அழைப்பிதழ்களில் இதுவும் அடிக்கடி முதலெழுத்தாக வரும். அங்கே மட்டும் எண்ணிக்கையை இரண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

உடையாத ‘கொ’வுக்கும் அகலச் சிக்கல் உண்டு. கொம்பு, ‘க’, கால் மூன்றும் படுத்த வாக்கில் நீளுகின்றன. 84 பாயின்டில் அது ஏறக்குறைய இரண்டு அங்குலம், 5 சென்டிமீட்டர். எழுத்துருவைப் பொறுத்துக் கூடும், குறையும். எட்டுப் பத்தி நாளிதழில் ஒரு பத்தியின் அகலம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். பத்தியைவிட முதலெழுத்து பெரிது! இரண்டு பத்தியாகப் பிரித்த ஏ4 தாளில்கூட அது பாதியைத் தாண்டும். பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் வரிக்கு ஒரு சொல், ஒன்றரைச் சொல் என்று நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அந்தக் குறுகிய சந்தில் ‘நினைவேந்தல்’ என்ற சொல் வந்தால் உடைபடாமல் போகாது. இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: முதலெழுத்து பத்தி அகலத்தில் கால் பங்கைத் தாண்டினால் வரி எண்ணிக்கையை இரண்டாகக் குறைக்க வேண்டும். அதிலும் தாண்டினால் முதலெழுத்தை இறக்காமல் முதல் வரியின் பேஸ்லைனிலேயே நிறுத்தி மேல்நோக்கி எழுப்பலாம். ஓரம் அகலமான புத்தகம் என்றால் ஓரத்திலேயே தொங்கவிடலாம். வேர்டில் இதற்கென்று தனித் தேர்வு இருக்கிறது. அப்போது வரிகளின் அகலம் சற்றும் குறையாது.

இணையப் பக்கங்களுக்கும் இந்த வசதி வந்துவிட்டது. முதலெழுத்து எத்தனை வரி இறங்க வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் பண்பைக் குரோம் உலாவி 2023-ல் ஏற்றது; சஃபாரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தன் வழியில் ஏற்றிருந்தது. தலைக்கோட்டில் தொங்கும் தேவநாகரிக்கு எதை நேர்ப்படுத்த வேண்டும் என்றும் அந்த விதிமுறையில் சிந்தித்திருக்கிறார்கள். தமிழ் தொங்கும் எழுத்தல்ல, உட்காரும் எழுத்து. தலைக்கோடும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. தமிழுக்கு நேர்ப்படுத்த வேண்டிய கோடு ‘ப’வின் தலை. எழுத்துரு செய்கிறவர்கள் அந்த உயரத்தைத் தங்கள் எழுத்துருவில் முறையாகக் குறித்துவைத்து, மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும் நாள் வந்தால், மேலே சொன்ன கைவேலையில் பாதி குறைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். கோரல்டிராவில் நோட்டீஸ் போடுகிறவர்கள் பலர் முதலெழுத்தைத் தனிப் பெட்டியில் வைத்து, கர்வ்ஸாக மாற்றி, மீதிச் சொல்லை ‘ங்கு’ என்றே பாராவில் விடுகிறார்கள். காகிதத்தில் குறையொன்றும் தெரியாது. அதே கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்பும்போது, ‘கொங்கு’ என்று தேடினால் கிடைக்காது. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் ‘ங்கு’ என்று தொடங்கித் திணறும். ஊரின் வரலாற்று மலர்கள் இனி மின்கோப்பாகத்தான் நிலைக்கப் போகின்றன. முதல் சொல்லே இல்லாத கோப்பாக அவை நிலைக்கக் கூடாது. முடிந்தவரை பாராவின் பண்பாகவே டிராப் கேப்பைப் போட வேண்டும்.

அலங்காரத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் வேலைப்பாடுள்ள முதலெழுத்துத் தொகுதி ஒன்றைச் செய்ய 26 எழுத்து வரைந்தால் போதும். தமிழில்? 247-ஐயும் வரைய வேண்டியதில்லை, ஏனென்றால் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. மொழிமுதல் எழுத்துகளைத் தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. உயிர் 12, க, த, ந, ப, ம ஐந்தும் பன்னிரண்டு உயிரோடும் 60, ச ஒன்பது உயிரோடு, வ எட்டோடு, ஞ மூன்றோடு, ய ஆகாரத்தோடு மட்டும். கூட்டினால் 93. ‘நுந்தை’ என்ற முறைப்பெயரின் குற்றியலுகரத்தையும் சேர்த்தால் 94. ச அகரத்தோடு முதலில் வராது என்பது அந்த வரையறை. அதன்படி சங்ககிரியின் பெயரே விலக்குக்குள் விழும். பின்னால் வந்த நன்னூல் அதற்கு இடம் கொடுத்தது. இன்றைய வழக்கில் லாரி, ரிக், டிசம்பர், ஜனவரி, ஸ்டேஷன் எல்லாம் முதலில் வரும். ஆக, நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தைக் கொடியும் பூவுமாக வரைந்தால்தான் தமிழுக்கு ஒரு முழுத் தொகுதி. ஒரு கலைஞரின் பல மாத உழைப்பு அது.

பழைய ஐரோப்பிய அச்சகங்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. நடுவில் சதுரத் துளை விட்ட அலங்காரக் கட்டை. சுற்றிலும் கொடியோ, தேவதையோ, பறவையோ செதுக்கியிருக்கும். துளைக்குள் எந்த ஈய எழுத்தையும் செருகிக்கொள்ளலாம். ஃபாக்டோட்டம் என்று பெயர். 26 எழுத்துக்காரர்களே செலவுக்கு அஞ்சிக் கையாண்ட இந்த வழி, நூறு எழுத்தைத் தாண்டிய நமக்கு இன்னும் பொருத்தம். தாமரை, மாவிலை, புள்ளிக்கோலம், கோட்டை மதில் என்று நாலைந்து சட்டங்களை ஒருமுறை நன்றாக வரைந்து வைத்துக்கொண்டால் எந்த எழுத்துக்கும் பயன்படும். சட்டத்தின் வெளிவிளிம்பு வரிகளோடு பொருந்தினால் போதும்: மேல்விளிம்பு முதல் வரியின் தலைக்கு, கீழ்விளிம்பு கடைசி வரியின் பேஸ்லைனுக்கு. உள்ளே வாலும் சுழியும் எங்கே போனாலும் வரியில் இடிக்காது. ‘தீ’க்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. இரண்டாவது வண்ணம் போடவும் சட்டம்தான் தோது. மினி ஆப்செட்டில் இரண்டாம் முறை தாள் ஓடும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும், சொற்களிலிருந்து விலகி நிற்கும் சட்டத்தில் அது பளிச்சென்று தெரியாது.

அகலம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சதுரச் சட்டத்துக்குள் ‘கொ’வைப் போட்டால் அது பாதியாகச் சுருங்கி, ‘ச’ நின்ற சட்டத்துக்குப் பக்கத்தில் சோனியாகத் தெரியும். எனவே ஒரே உயரத்தில் மூன்று அகலம் செய்து வைத்துக்கொள்ளலாம். ச, ப, ம, வ, தீ, நீ முதலியவற்றுக்குச் சதுரம். கா, தா, எ, பெ, ஊ போன்றவற்றுக்கு ஒன்றரைச் சதுரம். கொ, போ, தோ, மௌ என்று இருபுறமும் குறி சேர்ந்து வருவனவற்றுக்கு இரண்டு சதுரம்; அதை இரண்டு வரி உயரத்தில் மட்டும், பத்தி பிரிக்காத முழு அகலப் பக்கத்தில் மட்டும் போடுவது. சட்டத்துக்கும் மற்ற வரிகளுக்கும் நடுவே ஓர் எழுத்தளவு வெள்ளை விட்டு, சொல்லின் மீதி எழுத்துகள் முதல் வரியில் சட்டத்தை ஒட்டியே தொடங்க வேண்டும். ‘கொ’வைப் பார்த்த கண் அடுத்து ‘ங்கு’வைத் தேடும்; அது கைக்கெட்டும் தூரத்தில், அதன் தலைக்கு நேராக இருக்க வேண்டும்.